இன்னும் தள்ளி

அவன் பென்சிலின் பின்பக்கத்தால் அத்தானின் ஆள்காட்டி விரல் நுனியைத் தட்டியபோது, "இன்னும் தள்ளி" என்றார் அவர். விரல் அங்கேயே முடிந்திருந்தது. அதற்கப்பால் மேசைதான்.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் அவருடைய மணிக்கட்டில் இறங்கி ஆறு மாதமாகிறது. பொத்தானை அழுத்தியவன் அவன். "அத்தானே தெரியாம அழுத்திட்டார்" என்று அக்காவிடம் சொன்னவனும் அவன்தான். அத்தானுக்கு அன்றைய நாளே நினைவில்லை. அந்த மறதியை நம்பித்தான் அவன் இந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அறுந்த நரம்பின் முன்பாதி செத்து மக்கிப்போகும், தைத்த இடத்திலிருந்து புதுத் தளிர் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தளிர் எட்டிய இடத்தைத் தட்டினால் ஷாக் அடித்த மாதிரி சுர்ரென்னும். தினமும் காலையில் தட்டிப் பார்த்துப் பேனாவால் கோடு போடும் வேலையை அக்கா அவன் தலையில் கட்டியிருந்தாள்.

விளையாடுகிறார் என்று நினைத்து மேசையைத் தட்டினான். கண்ணை மூடியிருந்த அத்தானின் தோள் துடித்தது. அவர் நடிக்கத் தெரியாத மனிதர்.

மறுநாள் ஒரு சாண் தள்ளி. அதற்கு மறுநாள் இன்னொரு சாண். மருந்து வாடையும் பழைய கட்டுத்துணியின் புளித்த வாடையும் அடைத்துக் கிடந்த அந்த அறையில், மின்விசிறியின் கிறீச்சைத் தவிர வேறு சத்தமில்லாமல், கோடுகள் அவன் பக்கம் வந்துகொண்டிருந்தன. நாலாம் நாள் போர்வைக்குள் சுருண்டுகொண்டான்.

"அவரு காத்துட்டிருக்காரு. எழுந்து போடா" என்றாள் அக்கா.

ஊன்றி எழுந்த வலது கைக்குத் தரை தெரியவில்லை. மரத்துப்போயிருந்தது.

"தட்டு மாப்ள."

இடது கையால் மேசை விளிம்பைத் தட்டினான்.

"இன்னும் தள்ளி."

தன் வலது கையைத் தட்டினான். அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அத்தான் பல்லைக் கடித்தார்.

"ம். அங்கதான்."

"அத்தான்... உங்களுக்கு ஞாபகம் வந்துடுச்சா?"

"எனக்கு இல்ல. உன்னோட இந்தக் கைக்கு இருக்கு. பொத்தான் சில்லுனு இருந்துச்சு."

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லணும்? நாக்கு வரைக்கும் வரட்டும். நீயே சொல்லுவ."

அத்தான் கட்டை விரலை மடக்க முயன்றார். அவருடையது அசையவில்லை. எதிரே, அவனுடையது மடங்கியது. அடுத்த விரல். அடுத்தது.

வெளியே அக்காவின் காலடி. கத்த வாயைத் திறந்தான்.

அவனுடைய அந்த வலது கை எழுந்தது. நிதானமாக. இரண்டு விரல்கள் வாய்க்குள் நுழைந்து நாக்கைத் தொட்டன.

நாக்கு மரக்கத் தொடங்கியது.