திருஷ்டி பொம்மைக்குக் கொடுத்த சட்டை

வாசலில் குறுக்கே நடந்தவன் முனிகிருஷ்ணன். அவன் சட்டைப் பையிலிருந்த போனோ, நுனிநாக்கு இங்கிலீஷ் பேசும் ஒரு பெண் குரலில், "அன்நோன் பர்சன் அட் ஃப்ரண்ட் கேட்" என்றது. கேட்டில் யாரோ தெரியாத ஆளாம்.

நன்றாக இருக்கிறதே கதை! மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தில் அந்தக் கேமராவை ஏணி போட்டு ஏறி மாட்டியவனே அவன்தான். வயர் கிடையாது, பேட்டரியில் ஓடுகிற வெள்ளை டப்பா. தம்பி கோவர்த்தனன் குடும்பத்தில் எல்லோருடைய போட்டோவையும் அதில் ஏற்றிப் பெயரும் போட்டு வைத்திருந்தான். கீர்த்தி வந்தால் கீர்த்தி என்று சொல்லுமாம், மல்லிகா வந்தால் மல்லிகா என்று சொல்லுமாம். இவனுக்கு 'அண்ணா' என்று பெயர் போட்டிருந்தான். அந்த அண்ணாவைத்தான் அது அடையாளம் தெரியவில்லை என்கிறது.

தம்பி திருப்பதியிலிருந்து போனில் பேசினான்.

"நேரா கேமராவப் பார்த்து வராதணா. குறுக்க போ, மெதுவா போ. அப்பதான் அதுக்கு நல்லா தெரியும்."

"போய்க்கினுதான்டா கீறேன். தெரியாத ஆளுன்னுது."

"பொழுது சாயுதுல்ல, வெளிச்சம் பத்தலயோ இன்னாவோ. விடு, இன்னொரு தபா டெஸ்ட் பண்ணு. ஆஸ்பத்திரில டிஸ்சார்ஜ் ஆயிடிச்சி, நாங்க கார் ஏறிட்டோம். அண்ணா, மறந்துடாத, பாப்பாவ மொத மொத நீதான் தூக்கிக்கினு வாசப்படி தாண்டணும்."

காரில் தம்பியும், பிள்ளை பெற்ற அவன் மனைவி கீர்த்தியும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த இவன் மனைவி மல்லிகாவும் வந்துகொண்டிருந்தார்கள். மல்லிகா மடியில் அந்தக் குழந்தை. காலையில் தம்பி அனுப்பிய போட்டோவை முனிகிருஷ்ணன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருந்தான். அப்படியே நைனாவின் மூக்கு. பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த மூச்சிலேயே எரிந்தது.

பொறாமைதான். வேறு பேர் வைத்து மழுப்புவானேன்? நைனா போன பிறகு நகரியில் வாடகை ஷெட்டில் விசைத்தறி ஓட்டித் தம்பியைப் படிக்க வைத்தவன் இவன். தம்பிக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது, புத்தூர் ஓரத்தில் மனை பிரித்து விற்ற இந்தப் புது வென்ச்சரில் இடம் கிடைத்தது, வீடு எழும்பியது, இப்போது குழந்தையும் வந்துவிட்டது. இவனுக்குக் காதுக்குள் ஓயாத தறிச் சத்தம், வீட்டுக்குள் தொட்டில் கட்டாத உத்தரம். தம்பி நன்றி கெட்டவனாக இருந்தாலாவது வாய் நிறையத் திட்டலாம். அவனோ வாய்க்கு வாய் அண்ணா அண்ணா என்று உருகுகிறான். அதுவே இவன் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

கேமரா மாட்டிய கொக்கியை அவன் மறுபடி அண்ணாந்து பார்த்தான். வீடு கட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதே கொக்கியில்தான் திருஷ்டி பொம்மை தொங்கியது.

"உங்கிட்ட பழைய சட்ட எதுனா இருக்கும்லணா? எங்கிட்ட எல்லாம் புச்சுபுச்சா கீது," என்று தம்பி அன்றைக்கு விகல்பமில்லாமல்தான் கேட்டான். கேட்டவன் மறந்திருப்பான், கேட்கப்பட்டவன் மறக்கவில்லை. தோளில் தறி எண்ணெய்க் கறை பிடித்த நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். கொத்தனார்கள் அதில் வைக்கோல் திணித்து, இரண்டு கைகளையும் விரித்துக் கட்டி, மண்சட்டியில் கண்ணும் மீசையும் வரைந்து தலையாக வைத்தார்கள். "அச்சு அசல் பெரியவரேதான்!" என்று ஒருவன் சொல்ல, தம்பியும் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் வேலை பார்க்க வந்த ஒவ்வொரு முறையும், இன்னொருவன் வீட்டு நெற்றியில் தானே கை விரித்துத் தொங்குவதை முனிகிருஷ்ணன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

பால் காய்ச்சியதும் அந்தப் பொம்மையை இறக்கித் தெருமுனையில் எரித்துவிட வேண்டும், அதைக் குடும்பத்தில் மூத்தவன்தான் செய்ய வேண்டும். அதுவரை வீட்டின்மேல் விழுந்த கண்ணெல்லாம் பொம்மைக்குள் இருக்கிறது, எரிந்தால்தான் அது போகும். கிருகப்பிரவேசத்தன்று முனிகிருஷ்ணன் அதைத் தூக்கிக்கொண்டு போனான், தீப்பெட்டியையும் எடுத்தான். குச்சியை உரசும் நேரத்தில் உள்ளே பந்தியில் எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்காக எரிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கண் படட்டுமே. கொஞ்சம் பட்டால்தான் என்ன? தீப்பெட்டியைப் பொம்மையின் சட்டைப் பையிலேயே செருகி, வீட்டுக்குப் பின்னால் காலி மனையின் முட்புதரில் வீசிவிட்டு வந்து, எரித்தாகிவிட்டது என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தான். வடை இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றான்.

இருக்கட்டும். இப்போது கேமரா வேலை ஆக வேண்டும்.

கேட்டிலிருந்து செம்பருத்திச் செடிவரை நடந்தான், திரும்பி நடந்தான். ஆள் அசைந்தால் அரைக் கணம் தாமதித்து அதன் சிவப்புப் புள்ளி கண் விழிக்கிறது, பிறகு போன் சொல்கிறது. அன்நோன் பர்சன். மறுபடி நடந்தால் மறுபடியும் அன்நோன் பர்சன். சீ, போ என்று கை கழுவப் பின்புறத் தோட்டத்துக் குழாயடிக்குப் போனான். அக்கம்பக்கத்தில் இன்னும் வீடு வரவில்லை. மனைக் கற்களும், காற்றில் சலசலக்கும் காய்ந்த புல்லும், தூரத்தில் அரக்கோணம் பக்கம் போகிற ரயிலின் நீளமான ஊதலும்தான். காற்று திரும்பியபோது மழையில் ஊறி மக்கிய வைக்கோல் வாடை வந்தது. கழுத்துப் பட்டியில் எதுவோ அரித்தது. குழாயைத் திறந்தான்.

"அண்ணா அட் ஃப்ரண்ட் கேட்," என்றது போன்.

தண்ணீர் கையில் வழிந்துகொண்டிருக்க, அப்படியே நின்றான். உடனே தம்பியின் அழைப்பு வந்தது.

"ஆங், இப்ப கரெக்டா சொல்லுதுணா! நல்லா தெரியுற. ஆனா ஏன்ணா ரெண்டு கையும் விரிச்சிக்கினு நிக்கிற?"

"கோவர்த்தா, நான் பின்னால குழாயாண்ட கீறேன்டா."

"இன்னாணா? சிக்னல் வெட்டுது. வடமாலப்பேட்ட தாண்டிட்டோம்..."

அழைப்பு அறுந்தது. ஈர விரலால் போனைத் திறந்து பதிவான காட்சியைப் பார்த்தான். இருட்டத் தொடங்கியிருந்ததால் படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. கேட்டுக்கு உள்ளே, செம்பருத்தியை ஒட்டி, ஓர் ஆள். கைகள் இரண்டும் தோளுக்கு நேராக விரிந்திருந்தன. கட்டம் போட்ட சட்டையின் தோளில் கறுப்பாக ஒரு கறை. முகம் வெளிச்சம் பட்டு வெளுத்துக் கிடந்தது, ஆனால் மீசை தெரிந்தது. அவன் கேட்டைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. கழுத்தை அண்ணாந்து, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிகிருஷ்ணன் குழாயைக்கூட மூடவில்லை. ஐயோ, குழந்தை வருகிறதே! பிறந்து கண்கூடச் சரியாகத் திறக்காத பிஞ்சு. அது இந்த வாசலில்தான் வந்து இறங்கப்போகிறது. தான் சேர்த்து வைத்த அத்தனை கண்ணும் அதன் மேல்தான் முதலில் விழும். எரித்துவிட வேண்டும், கார் வருவதற்குள் எரித்துவிட வேண்டும். தம்பிமேல் எத்தனை எரிச்சல் இருந்தாலும், நைனாவின் மூக்கோடு வருகிற அந்தக் குழந்தைமேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை. சத்தியமாக இல்லை.

பின்பக்கம் நிறுத்தியிருந்த தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு காலி மனைக்கு ஓடினான். தீப்பெட்டி தேட வேண்டியதில்லை, அது பொம்மையின் பையிலேயே இருக்கிறது.

முட்புதருக்கு நடுவே புல் நசுங்கிக் கிடந்தது. ஓர் ஆள் கை விரித்து மல்லாந்து படுத்த அளவுக்கு. பொம்மை இல்லை. தலையாக வைத்த சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. கால் விரலால் அதைப் புரட்டினான். வரைந்த கண் இல்லை, மீசை இல்லை. வெறும் மண்.

"அண்ணா அட் ஃப்ரண்ட் டோர்."

கேட்டிலிருந்து கதவுக்கு வந்துவிட்டது.

பக்கவாட்டுச் சந்து வழியாக முன்னால் போகலாம். போக முடியவில்லை. அந்தச் சந்தின் முனையில் யாரோ உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம், வைக்கோலைத் தரையில் இழுத்தால் கேட்குமே, அது போல. பின்புற மாடிப்படி பக்கத்தில் இருந்தது. மேலிருந்து பார்க்கலாம். முதலில் அது என்னவென்று பார்த்துவிடலாம். தம்பிக்குச் சத்தம் போட்டுச் சொல்லலாம், காரை நிறுத்தாதே, அப்படியே போய்விடு என்று. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினான். முழங்கால் மடங்க மறுத்தது. முழங்கைக்குள் ஏதோ குத்தியது. சட்டைக் கையின் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்க, பிடித்து இழுத்தான். வைக்கோல் தாள். இழுக்க இழுக்க வந்தது. வலித்தது.

மொட்டைமாடி. கைப்பிடிச் சுவர். கேமராவுக்கு நேர் மேலே வந்து குனிந்தான்.

கீழே ஒருவன் கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துகொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. வேலையை நிதானமாகச் செய்தான், முனிகிருஷ்ணன் செய்வதைப் போலவே, இடது கையால் தாழ்ப்பாளைப் பிடித்தபடி.

ரோட்டுமுனையில் கார் விளக்கு திரும்பியது.

கத்த வேண்டும். வாயைத் திறந்தான். வாய் நிறைய வைக்கோல். பாட்டில் நழுவிச் சுவர்மேல் சாய்ந்தது. பெட்ரோல் மார்பில் வழிந்தது, தொடையில் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. இரண்டு கையும் சுவர் நெடுக விரிந்து கிடந்தன. கட்டியது போல. கழுத்துக்குப் பின்னால் கொக்கியின் இரும்பு சில்லென்று பட்டது.

கார் நின்றது. தம்பி முதலில் இறங்கினான். கீர்த்தியைக் கைத்தாங்கலாக இறக்கினான். மல்லிகா குழந்தையோடு இறங்கி, நீலச் சட்டைக்காரனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு.

"இன்னாங்க, இந்தப் பழைய சட்டய இன்னும் விடலியா நீங்க?" என்றாள். "இந்தாங்க, புடிங்க. கழுத்துல கை குடுத்துப் புடிங்க."

நீட்டிய இரண்டு கைகளில் குழந்தை போனது. தம்பி பூரித்துப்போய்ப் பார்த்தான். பார்த்தவன் தற்செயலாக மேலே அண்ணாந்தான்.

"அண்ணா! அந்தத் திஷ்டி பொம்மய எரிச்சிட்டேன்னு சொன்ன? இன்னும் அங்கியே தொங்கிக்கினு கீது!"

மல்லிகாவும் அண்ணாந்தாள். அவள் கண் புருஷனின் கண்ணை நேராகச் சந்தித்தது. உடனே முகத்தைச் சுளித்து, குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"சீ, பார்க்கவே சகிக்கல. புள்ள மேல அது கண்ணு பட்டுடப்போவுது. மொதல்ல அதக் கொளுத்துங்க."

"மறந்துட்டேன்," என்றது கீழே இருந்த குரல். முனிகிருஷ்ணனின் குரல், தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிக் கட்டிப்போன அதே குரல். "நீங்க உள்ள போங்க. பாப்பாவ வாசப்படி தாண்டி வுட்டுட்டு வந்து இப்பவே எரிச்சிடறேன்."

வைக்கோலுக்குள் எங்கோ போன் வரிசையாகச் சொன்னது. கீர்த்தி. மல்லிகா. கோவர்த்தனன். அண்ணா.

அண்ணா வாசற்படியில் நின்று மேலே பார்த்தான். குழந்தையை எண்ணெய்க் கறைத் தோளில் பதமாகச் சாய்த்துக்கொண்டான். ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, மறு கையைச் சட்டைப் பையில் விட்டு, தீப்பெட்டி இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான்.