பெரிய கிராணியின் இரத்தம்

பிரிக்பீல்ட்ஸில் சபாபதியின் முன்னறையில் உட்கார்ந்த கனகேஸ்வரி முக்காட்டை எடுக்கவே இல்லை. முன்னாள் துப்பறியும் போலீஸ்காரரான சபாபதி காத்திருந்தார். அவருடைய நண்பர், மருந்துக்கடை ஜெயராஜுக்குத்தான் பொறுக்கவில்லை.

"சொல்லுங்கக்கா. திருட்டா? செய்வினையா?"

"இன்சூரன்சுக்கு எண்டு என்ர அவற்ற ரத்தத்தைப் பார்த்தவையள்." அவள் தரையைப் பார்த்தாள். "மேகநோயாம்."

ஜெயராஜ் தன் உற்சாகத்தை விழுங்கிக்கொண்டார்.

அவள் கணவர் என்றால் சாமானியரா? அலுவலகத்துக்கே தலைமை எழுத்தர், பெரிய கிராணி தியாகராசா! ஒழுக்கத்தைப் பற்றிச் சங்கத்தில் அவர் பேச எழுந்தால், கேட்பவர்கள் தூங்கி எழுந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார். இப்போது வீட்டின் ஒரு கோடியில் அவரும் மறுகோடியில் அவளும் படுக்கிறார்கள். கிள்ளானிலிருக்கும் தமையன் வீட்டுக்குப் போகப் பெட்டியும் கட்டியாகிவிட்டது.

"சத்தியம் பண்ணுறார். உண்மை தெரிஞ்சால் இருக்கிறதோ போறதோ எண்டு முடிவெடுப்பன்."

"ரத்தம் எடுத்த டிரெஸர் போத்தலை மாத்திப்புட்டான்லா!" என்று ஜெயராஜ் துள்ளினார்.

"ரத்தம் கொடுத்த அன்னிக்கு வீட்டுல எப்படி இருந்தார்மா?" என்றார் சபாபதி.

"வீரன்தான். ஊசி ஏறேக்க கண்ணே இமைக்கேல்லையாம். விரலில பெரிய கட்டு. ஒரு கிழமை நான்தான் வாயில சோறு தீத்தினனான்."

சபாபதி இன்சூரன்ஸ் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். டிரெஸர் பக்கிரிசாமி பதறினான். "ஊசியைக் கொதிக்க வச்சுத்தாண்ணே எடுத்தேன். முழங்கைக்கு மேல ரப்பரைக் கட்டி, ரத்தம் வந்ததும் ரப்பரை அவுத்துட்டு, அப்புறந்தான் ஊசியை உருவுனேன். பஞ்சை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, அவர் எதிர்லயே போத்தல்ல பேரை ஒட்டுனேன். மாற வழியே இல்ல!"

"பேரை யாரு சொன்னது?"

"தியாகராசா ஐயாங்களான்னு நான்தான் கேட்டேன். தலையை ஆட்டுனார்."

"உங்க பேர் என்னன்னு கேட்டிருக்கணும் தம்பி."



மாலையில் எல்லாரும் பெரிய கிராணியின் வீட்டில் கூடினார்கள். அலுவலகக் காகிதக் கட்டுகளைச் சுமந்து வந்த பியூன் அய்யாவு, வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டான்.

"இந்த டிரெஸரின்ர வேலையைப் பறிக்காமல் விடமாட்டன்!" என்று தியாகராசா முழங்கினார்.

"மலேரியாவுக்குத்தான் விரலைக் குத்துவாங்க ஐயா," என்றார் சபாபதி அமைதியாக. "கண்ணாடித் தகட்டுல ஒரு சொட்டு போதும். இந்த ஊர்ல எல்லாரும் பார்த்தது அதைத்தான். உங்க சோதனைக்குப் போத்தல்ல ரத்தம் வேணும். முழங்கை மடிப்புலதான் எடுத்திருக்காங்க. அப்புறம் விரல்ல ஏன் கட்டு?"

தியாகராசா அந்த விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீங்க கிளினிக் பக்கமே போகலை. ஊசின்னா பயம். உங்க பேரைச் சொன்னதும் தலையாட்டி, உங்களுக்காக வாயைத் திறக்காத ஆள் ஒருத்தர்தான் இருக்கார்." சபாபதி வாசலைப் பார்த்தார்.

"அய்யாவுவுக்கு என்ர கோட்டைக் குடுத்து அனுப்பினனான்," என்றார் தியாகராசா, தன் காலைப் பார்த்து. "திரும்பி வந்து, ரத்தம் எடுத்த விவரம் சொல்ல வெளிக்கிட்டவன். கேட்டாலே எனக்குத் தலை சுத்தும், பேசாதை எண்டு சொல்லிப்போட்டன்."

ஜெயராஜ் இருமுவதுபோல் சிரித்தார். கனகேஸ்வரிக்கும் சிரிப்பு முட்டியது. புருஷன் கோழைதான், வேறொன்றும் இல்லை. அவள் நெஞ்சு குளிர்ந்தது.

"அப்ப அந்த நோய்..." என்று தொடங்கியவள் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவனுக்குத் தெரியுமோ?"

"யாரு சொல்லியிருப்பாங்க? ஒரு மாசமாச்சு. வைத்தியம் ஆரம்பிச்சிருக்கணும்," என்றார் சபாபதி.

"நல்லம்மாள் பிள்ளைத்தாய்ச்சி!" அய்யாவுவின் மனைவி சென்ற வாரம் மூச்சு வாங்கப் படியேறி வந்தது கனகேஸ்வரியின் கண்ணுக்குள் நின்றது. ஒரு நொடி முன்பு குளிர்ந்த நெஞ்சை நினைக்கவே கூசியது.

"நீர் சொல்லுமன்," என்றார் தியாகராசா மனைவியிடம் மெல்ல.

"நீங்கள்தான் சொல்ல வேணும். நாளைக்கு நீங்களும் கையை நீட்டுறீங்கள். நான் பக்கத்தில நிண்டு பார்ப்பன்."

பெரிய கிராணி எழுந்து வாசலுக்குப் போனார்.

"அய்யாவு, உள்ளுக்கு வந்து இரு."

"இல்லைங்கய்யா, நின்னுக்கறேன்."

"இரு அய்யாவு. நான் உனக்குப் பெரிய பிழை செய்துபோட்டன்."