வலிக்கக் கற்றவர்

உணர் அலுவலர் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற சுபிக்ஷாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே காரியம் கெட்டது என்று தெரிந்துவிட்டது. நோய்க்கால ஊதியம் கேட்டு வந்தவரின் வலியை வாங்கிப் பார்த்துவிட்டு எந்த அலுவலரும் சிரிக்கக் கூடாது. முகம் சுளித்தால் பாதி வெற்றி, கண்ணில் தண்ணீர் வந்தால் முழு வெற்றி என்று வெளியே வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எதிர் நாற்காலியில் அதே மாதிரி இன்னொரு தொப்பியுடன் உட்கார்ந்திருந்த அவள் கணவர் தர்னீஷும் சிரித்துக்கொண்டிருந்தார். யார் சிரித்தாலும் பதிலுக்குச் சிரித்துவிட வேண்டும் அவருக்கு. அரசு அலுவலகத்துக்குப் போகும்போது நாலு பேர் மதிக்கிற மாதிரிப் போகவேண்டும் என்று காலையிலேயே முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி வந்தவர்.

"பதினொண்ணு சார்," என்றார் அலுவலர். சின்ன வயசுப் பெண். "நாப்பது இருந்தாத்தான் ஊதியம் குடுக்க முடியும். உண்மையைச் சொல்லணும்னா, காலைல இருந்து நான் போட்ட தொப்பியிலயே உங்களுதுதான் சுகமா இருந்துச்சு."

"ரொம்பச் சந்தோசமுங்க மேடம்," என்றார் தர்னீஷ்.

சுபிக்ஷாவுக்கு அவரை அங்கேயே நாலு போடலாம் போலிருந்தது.

பேச்சுக்குச் சொல்லவில்லை, தர்னீஷின் முதுகெலும்பில் நிஜமாகவே ஓட்டை விழுந்திருந்தது. எலும்பு மஜ்ஜையில் புற்று. சேலத்து மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது பூச்சி அரித்த பலகையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "சிகிச்சைக்குக் காசு வேண்டாம், அரசாங்கம் பாத்துக்கும். ஆனா இனிமே லாரி மேல ஏறக் கூடாது. ஏறினீங்கன்னா ஒருநாள் இல்ல ஒருநாள் முதுகு நொறுங்கிரும். அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது," என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

லாரி மேல் ஏறாமல் தர்னீஷுக்குப் பிழைப்பு இல்லை. நாமக்கல்லில் லாரிகள் தாமாக ஓட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தொடராகப் போகிற லாரிகளுடன் ஒரு மனிதர் கூடப் போகவேண்டும் என்று சட்டம் இருந்தது. அவருக்கு வழித்துணை என்று பெயர். தார்ப்பாய் கிழிந்தால் மேலே ஏறிக் கட்டுவது, கயிறு தளர்ந்தால் இறுக்குவது, சாலையில் மாடு படுத்திருந்தால் இறங்கி ஓட்டுவது என்று இயந்திரத்துக்கு இன்னும் கைவராத வேலையெல்லாம் அவருடையது. மீசை முளைத்த நாளிலிருந்து தர்னீஷ் வழித்துணைதான். போகாத மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. சுபிக்ஷா முட்டைப் பண்ணையில் அரை நாள் வேலை பார்த்துக் கொண்டுவருவது வாடகைக்கே சரியாகப் போகும். ஆகவே, ஊதியம் கிடைத்தால் அவர் வீட்டில் இருப்பார், கிடைக்காவிட்டால் தார்ப்பாய் மேல் இருப்பார்.

தொப்பிக்கு அரசாங்கம் வைத்த பெயர் வலிபெயர்ப்பி. ஒருவர் மூளையில் ஓடும் வலியை எடுத்து, அதே நேரத்தில் இன்னொருவர் தன் உடம்பில் உணரும்படி செய்யும். அது வருவதற்கு முன்னால் மருத்துவச் சான்றிதழ் இருந்தது. காசு உள்ளவர்கள் சான்றிதழையும் வாங்கினார்கள், ஊதியத்தையும் வாங்கினார்கள். நோய் உள்ளவர்கள் வரிசையில் நின்றார்கள். காகிதம் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது என்றுதான் தொப்பியைக் கொண்டுவந்தார்கள். அலுவலருக்கு வலித்தால் ஊதியம். எவ்வளவு வலித்தது என்பதற்குத் தொப்பியே ஒரு எண் கொடுக்கும், அது நோவெண். மருத்துவர் எடுத்த படத்தைக் கொண்டுபோய் நீட்டினால் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழைபாழைகளுக்கு ஒருவழியாக நியாயம் பிறந்தது என்று ஊரே கொண்டாடியது. சுபிக்ஷாவும் கொண்டாடியவள்தான்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தொப்பி எடுத்துக் கொடுப்பது நோயை அல்ல, நோயாளிக்கு அது எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவை. லாரிக் கதவில் விரல் நசுங்கியபோது துணியைச் சுற்றிக்கொண்டு ஹூப்ளி வரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வந்த மனிதர் தர்னீஷ். பல்வலி, காய்ச்சல் எல்லாவற்றையும் லாரியிலேயே வைத்துக்கொண்டு நாலு மாநிலம் சுற்றியவர். வலி வந்தால் அதை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. அந்தப் பழக்கமும் சேர்ந்துதான் அலுவலரின் தலைக்குப் போயிற்று.

பேருந்தில் திரும்பும்போது சுபிக்ஷாவால் வாயை அடக்க முடியவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு வலிக்கவே இல்லீங்களா?"

"வலிக்குது. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"அந்தப் பொண்ணுகிட்டச் சிரிச்சுட்டு உக்காந்திருக்கீங்க!"

"சின்னப் புள்ள சுபி. நம்ம நோவை வாங்கி அது சுமக்கோணும்னா பாவமா இருக்காதா? அதான் கொஞ்சம் பாத்து நடந்துக்கிட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. மாதக் கடைசியில் மங்களூர்த் தொடருக்குப் பெயர் கொடுத்திருப்பதாக இறங்கும்போது சொன்னார்.

பண்ணையில் கூட வேலை பார்க்கிற ஒருத்திதான் உணர் பயிற்சி மையத்தைப் பற்றிச் சொன்னாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முன்பு மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி நடந்த அதே மாடி. சட்டப்படி அதில் தப்பேதும் இல்லை. நடிக்கச் சொல்லிக்கொடுத்தால்தானே தப்பு? நடிப்பு தொப்பியில் ஏறாது. இருக்கிற வலியை முழுசாக உணர்வது எப்படி என்று மட்டுமே அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். நடத்தியவர் லோகித் என்று ஓர் இளைஞர். முன்பு தியான வகுப்பு வைத்து, உடம்பை மறப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர். பாடத்தைத் தலைகீழாக்கிய பிறகு உட்கார இடமில்லாத கூட்டம்.

கண்ணை மூடி உட்காரவேண்டும். வலி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஊசியா, நெருப்பா, முறுக்கா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். அதைவிட்டு மனசு நகர்ந்தால் பிடித்து இழுத்துவந்து மறுபடி அங்கேயே உட்காரவைக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரு வாரத்தில் வந்தது தர்னீஷுக்கு மட்டும் வருவதாக இல்லை.

"இந்த அண்ணன் வலியை வாசல்லயே நிக்கவெச்சுப் பேசி அனுப்பிச்சுடறாருங்க்கா," என்றார் லோகித். "உள்ள கூப்புட்டு உக்காரவெக்கோணும். வீட்டுல நீங்கதான் ஒத்தாசை பண்ணோணும். பாட்டு வேண்டாம், கிரிக்கெட் வேண்டாம், ஆரும் வந்து பேசிட்டு இருக்கவும் வேண்டாம். 'பரவால்ல'ங்கற வார்த்தையே அவரு வாயில வரப்படாது."

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் சுபிக்ஷாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கெஞ்சிக் கூத்தாடி மங்களூர்ப் பயணத்தை நிறுத்தினாள். சுவர்த்திரையை அணைத்து வைத்தாள். அவரைப் பார்க்க வந்த சக வழித்துணைகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவர் வழிக்கதை ஏதாவது ஆரம்பித்தால், "கதை கெடக்குது, இடுப்பு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க," என்று வெட்டினாள். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் இவள் இவ்வளவு பாடுபடுகிறாளே என்பதற்காக, கண்ணை மூடு என்றால் மூடினார்.

ஒரு பிற்பகலில் அது வந்தது. கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட்டார். பிறகு அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை அவள் கண்டதில்லை.

"சுபி," என்றார். "இது இத்தன நாளா இங்கயேவா இருந்துச்சு?"

அப்புறம் அழ ஆரம்பித்தார். சத்தம் போட்டு, மூச்சுத் திணற அழுதார். சுபிக்ஷா அவர் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்துவிட்டது, தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் பிற்பாடு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

இரண்டாவது ஆய்வுக்கு அதே பெண்தான் உட்கார்ந்திருந்தார். தொப்பியைப் போட்ட கொஞ்ச நேரத்திலேயே வீறிட்டுக் கத்திக்கொண்டு அதைப் பிடுங்கி எறிந்தார். எழுபத்திரண்டு. மேசையைச் சுற்றி ஓடிவந்து தர்னீஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை வெச்சுக்கிட்டா சார் அன்னைக்கு என்கிட்டச் சிரிச்சீங்க? என்னை மன்னிச்சிருங்க." தர்னீஷ் இந்தத் தடவை பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவருக்கு அங்கே ஒரு பெண் நிற்பதே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஊதியம் மாதாமாதம் வந்தது. அவர் லாரி மேல் ஏறவில்லை, முதுகும் நொறுங்கவில்லை. சேலத்து மருத்துவர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு, நோய் நின்ற இடத்திலேயே நிற்கிறது, புதிதாக ஓர் ஓட்டைகூட விழவில்லை என்று பாராட்டினார். அதே உடம்பு, அதே ஓட்டைகள். ஆனால் முன்பு அந்த உடம்பில் ஒரு மனிதர் குடியிருந்தார். இப்போது வலி மட்டும்தான் குடியிருந்தது. மின்விசிறிக் காற்று பட்டால் முனகினார். சோற்றுத் தட்டை எட்டி எடுக்கப் பயந்தார். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை கொஞ்சம் மழுக்கியது, ஆனால் மாத்திரைக்கு அடியிலும் தேடிப்போய்ப் பார்க்கத்தான் அவர் கற்றிருந்தாரே.

சுபிக்ஷாவுக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டு, லோகித்தைப் பார்க்கப் போனாள்.

"தம்பி, கத்துக்குடுத்ததைத் திருப்பி மறக்கடிக்க முடியுங்களா?"

"அதென்னங்க்கா பெரிய விசயம், என்ற பழைய தொழிலே அதுதானுங்களே," என்றார் அவர். உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா அரை வருசத்துக்கு ஒருக்கா மறு ஆய்வு இருக்குதுங்க. மறந்துட்டாருன்னா பழையபடி பதினொண்ணுதான் வரும். ஊதியம் போயிரும், அப்பறம் அண்ணன் மறுபடி லாரிக்குத்தான் போவோணும். அவருகிட்டயும் கேட்டுட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்ததும், "மாஸ்டர் என்ன சொன்னாரு?" என்று அவர் படுத்தபடியே கேட்டார். அந்தக் குரலில் ஆசை இருந்தது.

கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். மறக்கடிக்கச் சொல்லிரு, நான் லாரிக்கே போறேன் என்பார். போவார். ஏதோ ஒரு சாலையோரத்தில் தார்ப்பாய் மேலிருந்து விழுவார்.

"ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாருங்க," என்றாள்.

அவர் சரி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அதுதான், அவர் நம்பியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இதற்கிடையில் ஊரெல்லாம் பயிற்சி மையங்கள் முளைத்துவிட்டன. வருகிறவர்களுடைய வலியைத் தாங்க முடியாமல் அலுவலர்கள் வேலையை விட்டு ஓடினார்கள். ஓடாதவர்கள் லோகித்திடமே வந்து சேர்ந்தார்கள். காலையில் வலியை உணரக் கற்கிறவர்களுக்கு வகுப்பு, மாலையில் அதைத் தாங்கக் கற்கிற அலுவலர்களுக்கு வகுப்பு, ஒரே மாடியில், ஒரே பாயில். எல்லோருடைய எண்ணும் ஏறிவிட்டதால் அரசாங்கம் தகுதி எண்ணையும் ஏற்றியது. இனி நாற்பது போதாது, எழுபத்தைந்து வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. நோயில் ஒரு மாற்றமும் இல்லாமல் தர்னீஷ் மறுபடியும் கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார்.

மறு ஆய்வுக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது, ஒரு மதியம் சுபிக்ஷா பண்ணையிலிருந்து வந்தாள். வீட்டுக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினாள். தர்னீஷ் அடுப்பருகே ஒரு கையைச் சுவரில் ஊன்றி நின்றுகொண்டு முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"வா வா," என்றார். "சும்மா படுத்துக் கெடந்தனா, கோவா போற வழியில ஒரு மழையில மாட்டிக்கிட்டது ஞாபகம் வந்துச்சு. ரெண்டு நாளு நகர முடியல. பக்கத்துத் தொடர்ல ஒரு மலையாளத்துக்காரன், அவன் அடிச்ச கூத்து இருக்குதே! அதையே நெனச்சுட்டு இருந்தேன் சுபி. பாத்தா நோவு அவ்வளவாத் தெரியல. எந்திரிச்சு வந்துட்டேன். பசிக்குது."

எத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த முகம்! ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும், அந்த மலையாளத்துக்காரன் என்ன செய்தான் என்று கேட்கவேண்டும், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முட்டையைப் பிய்த்துத் தின்னவேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஆசை பொங்கியது. கூடவே எழுபத்தைந்து என்ற எண்ணும் வந்து நின்றது.

அவள் அடுப்பை அணைத்தாள். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாள். தோளைப் பிடித்து நடத்திப் போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். அவர் ஒன்றும் புரியாமல் அவளை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் புரிந்தது. முகத்திலிருந்த வெளிச்சம் மெல்லப் போயிற்று.

"முட்டையைத் தின்னுட்டு உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

"அப்பறம் தின்னுக்கலாமுங்க. கண்ணை மூடுங்க."

அவர் மூடினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மழையும் லாரியும் அந்த முகத்தை விட்டுப் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது. உதடு கோணியது.

"வருதுங்களா?"

"வருது சுபி."

"நல்லதுங்க," என்றாள்.