மூன்றாம் வரிசைக் குச்சி

சிங்கி இறால் கூடுகளைச் செப்பனிட நானும் என் கணவர் லோர்னும் படகுக் கொட்டகைக்குப் போனபோது காலை ஒன்பது மணி இருக்கும். மூடுபனியில் பத்தடி தள்ளியிருந்த துறைமேடைகூடத் தெரியவில்லை. கொட்டகைக்குள் தார் வாடையும் அழுகிய இரை மீனின் வாடையும் கலந்து நின்றன. பனி விலகும்வரை கிரிபேஜ் சீட்டு ஆடலாம் என்று லோர்ன் புள்ளி எண்ணும் துளைப்பலகையை எடுத்து வைத்தார்.

அதில் மூன்று வரிசைத் துளைகள். மூன்றாவது வரிசை அவர் தம்பி கிளேட்டனுடையது. போன நவம்பரில், ஜெயிக்கக் கொஞ்சம் துளைகளே பாக்கி இருக்கும்போது எழுந்து கடலுக்குப் போனவன். உடல் கிடைக்கவில்லை. அவன் குச்சிகளை நாங்கள் தொட்டதில்லை.

இந்தக் குச்சிகளின் ஏற்பாடு அழகானது. ஆளுக்கு இரண்டு. முன்குச்சி நீங்கள் நிற்கும் இடம், பின்குச்சி முன்பு நின்ற இடம். புள்ளி கிடைத்தால் பின்குச்சியைப் பிடுங்கி, முன்னதைத் தாண்டி அத்தனை துளை தள்ளிச் செருகவேண்டும். எண்ணிக்கை தப்பினால் அசையாமல் நிற்கும் குச்சி சாட்சி. ஆகவே, ஒருவருடைய பின்குச்சி வெளியே வந்தால் அவர் நகரத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

லோர்னின் குச்சி ஒன்று முறிந்திருந்தது. கிளேட்டனின் பின்குச்சியைப் பிடுங்கினார். தீக்குச்சி வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"செத்தவனுக்கு எதுக்குடி ரெண்டு? இருந்தப்பவே அவனுக்கு ஒழுங்கா எண்ணத் தெரியாது."

முதல் சுற்றில் லோர்னிடம் இரண்டு எட்டுகள் இருந்தன. ஜோடிக்கு இரண்டு புள்ளி. சொல்ல மறந்தார். ஒருவர் தவறவிட்டதை எதிராளி கேட்டு எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். நான் வாயைத் திறக்குமுன், காலி நாற்காலிப் பக்கமிருந்து ஈரமாக ஒரு முணுமுணுப்பு.

"ரெண்டு விட்டுட்ட."

கிளேட்டனின் ஒற்றைக் குச்சி இரண்டு துளை முன்னே நின்றது. அதைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று லோர்னின் கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. எங்கள் படகின் பெயரைச் சொல்ல வந்து, நினைவு வராமல் நிறுத்தினார்.

குச்சி நகர்ந்தது.

மகள் காத்திருப்பாள் என்றேன். எந்த மகள் என்று கேட்டார்.

மறுபடி நகர்ந்தது.

அவர் தவறவிடுவதையெல்லாம் அவன் எடுத்துக்கொள்கிறான்.

லோர்னின் வரிசையில் இருந்த அவனுடைய பின்குச்சியைப் பிடுங்கி, மூன்றாம் வரிசையில் அதன் பழைய துளையிலேயே செருகினேன். துளைக்குள்ளிருந்து கடல்நீர் பொங்கி அதை வெளியே தள்ளியது.

"லோர்ன், என் பேரச் சொல்லுங்க. அதையாவது விட்டுடாதீங்க."

என்னையே வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கடைசித் துளையில் குச்சி இறங்கியது.

டக்.

வெளியே பனி விலகி வெயில் உள்ளே விழுந்தது. அவர் முகமும் தெளிந்தது. வெகுநாள் கழித்து வீடு திரும்பியவனைப் போலச் சிரித்துக்கொண்டு சீட்டுகளைக் கலைத்தார்.

"இன்னொரு ஆட்டம் போடலாமா, அண்ணி?"