சுகந்தியின் புரதம்

செவ்வாய்க்கிழமைகளில் கலாமணிக்கு முதல் வேலை சுகந்திக்குச் சோறு போடுவது. கோவைக்கு வெளியே அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில், ஒரு நொதிகலன் முழுக்க பாக்டீரியாக்கள் இருந்தன. அவற்றுக்குள் சுகந்தியின் மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். சர்க்கரைக் கரைசலைக் குடித்துவிட்டு, சுகந்தியின் உடம்பு செய்கிற அதே தூதுப்புரதத்தை அவை செய்து தள்ளும். பாடநூல் அதை சைட்டோகைன் என்கிறது. "நல்லாத் தின்னு" என்று முணுமுணுத்தபடியே கலாமணி கரைசலை ஊற்றுவாள்.

சாம்பல் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து பலருடைய நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காது மந்தமாகிவிட்டது. பொதுவாகத் தயாரிக்கும் தூதுப்புரதம் சொல்வது அவற்றுக்குக் கேட்பதில்லை. யாரோ ஒருவருடைய புரதம் மட்டும் கேட்கும். அந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, சம்மதம் வாங்கி, அவர் புரதத்தைத் தயாரித்து, வாராவாரம் ஊசியாகப் போட வேண்டும். கொடுப்பவர் 'மூலத்தார்'. குப்பியின் மேல் அவர் பெயர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

கலாமணியின் கணவன் சென்னியப்பனுக்கு நாடெல்லாம் தேடி அகப்பட்ட ஒரே மூலத்தார், கல்யாணத்துக்கு முன்னால் அவன் உருகி உருகிக் காதலித்த சுகந்தி. வேறு ஆளே கிடைக்கவில்லையா இந்த உலகத்தில்! ஊசி போட்ட மறுநாள் அவன் முகம் தெளிந்து, கூட இரண்டு இட்லி கேட்பான். கலாமணிக்கு வயிறு எரியும்.

பொறுக்கமாட்டாமல், யாருக்கும் தெரியாமல் தன் மரபணுவையே ஒரு குடுவையில் வளர்த்தாள். புரதத்தைப் பிரித்தெடுத்து, சோதனைக்கென்று வைத்திருந்த கணவனின் செல்கள்மேல் விட்டாள். கேட்டால் அவை பச்சையாக ஒளிர வேண்டும். ஒளிரவில்லை. அளவைக் கூட்டினாள். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தன. சோதனைத் தட்டின் பக்கத்துக் குழியில் சுகந்தியின் சொட்டு விழுந்ததுதான் தாமதம், ஒரே தீபாவளி. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவள் பேச்சு எடுபடவில்லை, விட்டுப்போனவள் பேச்சுக்கு என்ன ஆட்டம்! ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டின.

அந்த வாரம் சுகந்தியின் குப்பியில் தன் பெயரை ஒட்டி வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

"மாமா, இது என்னோடதுங்க. உங்களுக்கு ஒத்துப்போச்சு" என்றாள். சென்னியப்பன் பெயரைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் மாலை அவள் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே நின்றிருந்தான்.

"ஆளையே தூக்கி நிறுத்திருச்சு புள்ள, உன்னோடது."

ஒரு கணம் அது நிஜம்போலவே அவளுக்கு இனித்தது.

"அதான் கொஞ்சம் முந்தி சுகந்திக்குப் போன் பண்ணி, இனி வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன். அவளும் அப்பவே ஒப்புதலத் திருப்பி எடுத்துக்கிட்டா."

"என்னத்துக்குங்க இத்தன அவசரம்?"

"அவ பேரப் பாக்கறப்பவெல்லாம் உன் மொகம் சுருங்கறது எனக்குத் தெரியாதாக்கும்?"

ஒப்புதல் போனால் அப்போதே கலனைக் கொதிக்கவிட்டு அழித்துவிட வேண்டும். கலாமணி பதறிப்போய் ஆய்வகத்தைக் கூப்பிட்டாள். அழித்தாயிற்று என்றார்கள். புதிதாக வளர்க்க மூலத்தார் மறுபடி சம்மதிக்க வேண்டும். ஊசி தவறினால் அடுத்த காய்ச்சலை இவன் தாங்கமாட்டான்.

"அவங்க நம்பரப் போட்டுக் குடுங்க."

"ஆரு நம்பரு?"

கலாமணி போனை அவனிடமிருந்து பிடுங்கித் தானே போட்டாள். அவன் கேட்டுக்கொண்டு எதிரிலேயே நின்றான்.

"அக்கா, நான் கலாமணி பேசறனுங்க. அவரு சொன்னது நெசமில்லீங்க. என்னோடது சேரலீங்க. அவருக்கு நீங்கதான் வேணுமுங்க."