இணக்கமானி

குடியிருப்பின் வாசல் கம்பத்தில் இணக்கமானி சிவப்பாக எரிந்தது. உள்ளே விட முடியாது என்று அர்த்தம். கைக்குழந்தையோடு வெளியே நின்றவள் ஹேமா, குடியிருப்புச் சங்கத் தலைவர் சபேசனின் சொந்த மகள்.

வீடு தேடி வருபவரிடம் சாதியோ மதமோ கேட்டால் சிறை என்று சட்டம் வந்திருந்தது. நம் ஆட்களா சும்மா இருப்பார்கள்? வீட்டுவசதித் துறையே இந்தக் கருவியைக் கொடுத்தது. அது யாரையும் எதுவும் கேட்காது. வருபவரின் பேச்சையும் துணியில் ஒட்டிய சமையல் வாசனையையும் அளந்து, பழைய புகார்களோடு ஒப்பிட்டு, அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்களா என்று மட்டும் சொல்லும். மீன் வாசனை, பிள்ளை அழுகை என்று சபேசன் மாய்ந்து மாய்ந்து எழுதிய புகார்கள்தான் அதற்கு அரிச்சுவடி. தேறாதவர்களுக்கு ஊர்க்கோடியில் அரசே அடுக்ககம் கட்டிக் கொடுத்தது. கையில் அழுக்குப் படாமல் ஊரைக் கூறுபோட்டதற்குப் பெயர் நல்லிணக்கமாம், வெட்கங்கெட்டவர்கள்.

ஹேமாவின் கணவன் ஸ்டீபன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். மனைவியை இழந்து தனிமையில் கிடந்த சபேசன், பேத்தி இனி தன்னோடுதான் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தார்.

"இது எம் பொண்ணு. இவ மேல யாரு புகார் குடுப்பா?" என்று கருவியிடம் சீறினார்.

"நீங்கள்தான், ஐயா. இவர் மீன் சமைப்பார், குழந்தை அழும். இரண்டுக்கும் நீங்கள் புகார் தராமல் விட்டதே இல்லை."

"சொந்தப் பேத்தி மேலயா?"

"யாருக்குப் பிறந்த குழந்தை என்று நான் பார்க்கக்கூடாது. சட்டப்படி குற்றம்."

ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுப்பா. உன்னோட மெஷின் உன்ன மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு ஊர்க்கோடிக்குப் போனாள். அங்கே உடனே வீடு கிடைத்தது.

பேத்தியைப் பார்க்காமல் சபேசனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வீம்பை விழுங்கிக்கொண்டு, அதே ஊர்க்கோடியில் ஒரு வீடு கேட்டுப் போய் நின்றார். அங்கிருந்த கருவியும் சிவப்பாக எரிந்தது.

"இங்க யாரு என்னை வேண்டாங்கறா?"

"யாரும் இல்லை, ஐயா. நீங்கள்தான் எல்லோரையும் வேண்டாம் என்பீர்கள்."

ஊரில் வேறெங்காவது இடம் உண்டா என்று தேடச் சொன்னார். நெடுநேரம் தேடிய கருவி, அவருக்குப் பொருந்தும் வீடு ஒன்றே ஒன்றுதான் என்று முகவரியைக் காட்டியது. அது அவருடைய வீடு.