தலையாட்டிய விளக்கு

சுவரில் விழுந்த வெளிச்ச வட்டம் தலையாட்டிக்கொண்டிருந்தது.

ஷாநவாஸ் மின்விசிறியை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்த ஸ்பாட் லைட்டைத் தொடாமல் மூன்றடி தள்ளி நின்று பார்த்தான். தெருவில் லாரி எதுவும் போகவில்லை. ஆனாலும் வட்டம் மெல்ல மேலே போய் மெல்லக் கீழே வந்தது, யாரோ எதற்கோ சரி சரி என்பது போல. மாலை வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியிட்டு எழுதினான்: 'விளக்கு ஆடுகிறது. காரணம் ரப்பர் புஷ்ஷாக இருக்கலாம். அல்லது நான் சரியாக இறுக்கவில்லை.' இரண்டாவது வாக்கியத்தின் கீழே கோடு போட்டான். எது தவறினாலும் முதலில் தன்னைச் சந்தேகிப்பது அவன் பழக்கம்.

பகலில் அவனுக்கு உக்கடத்தில் ரசாக் பாயின் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. கடையின் பழைய சாமான் அலமாரியில் மூன்று விளக்குகள் கிடைத்திருந்தன. லாரியில் இருந்து கழற்றிய மஞ்சள் விளக்கு அகலமாகப் பரவும், ஆனால் ஆழம் போகாது. ஸ்கூட்டர் விளக்கு எதற்கும் ஆகாது. மூன்றாவது, ஏதோ எஸ்டேட் ஜீப்பின் கூரையில் இருந்த ஸ்பாட் லைட். ஐம்பத்தைந்து வாட். குறுகிய கதிர், ஈட்டி மாதிரி இறங்கும். லாரி பேட்டரி ஒன்று அதை ஐந்து மணி நேரம் பயமில்லாமல் தாங்கும் என்று இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தே அதை எடுத்தான். துடுப்பு போடும் அதிர்வில் பல்பின் இழை அறுந்துவிடக் கூடாதே என்று விளக்குக்கும் கிளாம்புக்கும் நடுவே மெத்தென்ற வளையமாக ஒரு ரப்பர் புஷ் வைத்தான்.

"பரிசல்ல ஏதுடா இன்ஜின்? எங்கிருந்து அதிரும்? நைட் கிளாஸ் உன்னை நல்லாக் கெடுத்து வெச்சிருக்கு" என்று ரசாக் பாய் சிரித்தார். அந்த விளக்கு எதற்கு என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. விளக்கைத் துணியால் துடைத்து அவரே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

இருபத்து மூன்று நாளுக்கு முன்னால், சத்தியமங்கலத்துக்கு அப்பால் அணைத் தண்ணீரைக் கடக்கும்போது ஒரு பரிசல் கவிழ்ந்தது. அதில் ஷாநவாஸின் அண்ணன் ஜாவித்தும் இருந்தான். அக்கரைக் கிராமங்களுக்குத் தலைச்சுமையாக லுங்கியும் சேலையும் கொண்டுபோய் விற்கிறவன். ஆடிக் காற்று. ஏறிய ஏழு பயணிகளில் மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். மூன்று உடல்கள் கிடைத்தன. ஜாவித் கிடைக்கவில்லை.

அண்ணி ஃபஹீமா, கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா நாட்களில் உட்கார மறுத்துவிட்டாள். "மய்யித்தைக் கண்ணால பார்க்காம நான் எப்படி விதவையாகிறது?" என்று, பேச வந்த பெரியவர்களிடம் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள். அவள் கையில் கண்ணாடி வளையல்கள் அப்படியே இருந்தன; அவள் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வீட்டில் இருந்தவர்களைக் கூனிக் குறுக வைத்தது. அம்மா பக்ருன்னிசா யாரோடும் பேசுவதில்லை. ஷாநவாஸ் புறப்பட்ட அன்று மட்டும் வாசல்வரை வந்தாள்.

"கூட்டிட்டு வந்துரு, வாப்பா" என்றாள்.

உடலை எடுத்துவருவதற்குப் போகிறவனிடம் கூட்டிவரச் சொன்னாள். ஷாநவாஸ் திருத்தவில்லை.

பரிசல்காரர் காளிச்சாமி கரையில் காத்திருந்தார். கவிழ்ந்த அன்று பரிசலை ஓட்டியது அவர்தான். அதன் பிறகு அவர் ஆட்களை ஏற்றவில்லை. வலை மட்டும் போடுகிறார். பகலில் காற்று தண்ணீரைக் கலக்கிவிடும், இருட்டிய பிறகுதான் அது கண்ணாடியாகும் என்று அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். நாலு நாளுக்கு முன்னால், முழுகிப்போன பழைய ஊரின் புளியமரத்துக்கு மேலே போனபோது, அவருடைய டார்ச் வெளிச்சத்தில் கட்டம் போட்ட துணி ஒன்று கிளையில் சிக்கி அசைந்ததாம்.

"இதை முன்பக்கம் மாட்டணுங்க. பரிசலுக்கு முன்பக்கம் எது?" என்று கேட்டான் ஷாநவாஸ்.

காளிச்சாமியின் மனைவி நஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வட்டத் தட்டுக்கு முன்னால ஏதுங்க, பின்னால ஏதுங்க? இவரு எங்க உக்காந்து தொடுப்புப் போடறாரோ, அதான் முன்னாலைங்க."

துடுப்புப் போடும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, மூங்கில் விளிம்பில் கிளாம்பை இறுக்கினான். பேட்டரியை நடுவில் வைத்து, வயரை இழுத்து, சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. பல்பைப் பார்த்தான், ஃபியூஸைப் பார்த்தான்.

"ஏனுங்க தம்பி, ஒத்தை வயருதான் போகுது? எங்கூட்டு ரேடியோப் பொட்டிக்கே ரெண்டு போகுதுங்களே" என்றாள் நஞ்சம்மாள்.

அவனுக்குக் காது சுட்டது. வண்டிகளோடு பழகிய கை. வண்டியில் பிளஸ் வயர் ஒன்றை இழுத்தால் போதும், எர்த்துக்கு வண்டியின் இரும்பு உடம்பே இருக்கிறது. இது மூங்கில். இன்னொரு வயரைத் தேடி, சீவி, முறுக்கி, விளக்கு எரிந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நஞ்சம்மாள் சிரிக்கவில்லை இப்போது. "சுருக்கா வந்துருங்க. புளியமரத்துக்கு அங்கால போகாதீங்க" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

கரை விலகியது. தவளைச் சத்தம் முதலில் தேய்ந்தது, பிறகு ஊர் நாய்களின் சத்தம், பிறகு தூரத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருந்த பம்புசெட்டின் சத்தம். கடைசியில் துடுப்பு தண்ணீரை வழிக்கும் ஓசையும், பரிசலின் அடியில் பூசிய தாரின் வாசனையும், சேறும் அழுகிய பாசியும் கலந்த ஒரு குளிர்ந்த மூச்சும் மட்டுமே அவனோடு மிஞ்சின. கதிர் பச்சைத் தண்ணீருக்குள் சாய்ந்து இறங்கியது. அதில் தூசி மாதிரி ஏதேதோ மிதந்தன. ஒரு மீன் வெள்ளி நாணயம் போலத் திரும்பி மறைந்தது. பரிசல் ஒவ்வொரு துடுப்புக்கும் லேசாகச் சுழன்று திரும்ப, வெளிச்சம் இடமும் வலமும் போய்வந்தது. கூடவே இன்னொரு அசைவும் இருந்தது. மேலே. கீழே. மேலே. கீழே.

"தம்பி, லைட்டை ஆட்டாதீங்க" என்றார் காளிச்சாமி.

"நான் தொடவே இல்லீங்க. புஷ் வெச்சிருக்கேன், அதுல ஆடுது."

துடுப்பு நின்றது. காளிச்சாமி விளக்கையே பார்த்தார்.

"பக்கவாட்டுல ஆட்டினா பரிசல் நெறஞ்சுபோச்சு, வராதீங்கன்னு அர்த்தமுங்க. இந்தத் தண்ணியில எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தான். மேலயும் கீழயும் ஆட்டினா…" குரலைத் தாழ்த்தினார். "வாங்க, எடமிருக்கு, ஏத்திக்கறேன்னு அர்த்தமுங்க."

"இங்க யாரு இருக்காங்க பார்க்கிறதுக்கு?"

"இந்தத் தண்ணிக்குள்ள போனவங்க கணக்கில்லீங்க" என்றார் காளிச்சாமி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கேட்காமலேயே, அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். ஆறு பேர் ஏறியாகிவிட்டது. அவர் துடுப்பை ஊன்றித் தள்ளும் நேரத்தில் கரை மேட்டில் இருந்து மூட்டையோடு ஒருத்தர் ஓடிவந்தார். எடமிருக்குங்களா என்று கேட்டார்.

"காத்து எந்திரிக்கறது எனக்குத் தெரியுமுங்க தம்பி. ஓடியாந்த மனுசனை உட்டுட்டுப் போக வாய் வரலை. இருக்குங்க, வாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

இந்த மனிதரைத் திட்ட வேண்டும் என்று இருபத்து மூன்று நாளாக நினைத்துவைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட இப்போது ஷாநவாஸுக்குக் கிடைக்கவில்லை. எழுந்து போய் விளக்கை ஒரு கையால் பிடித்து நிறுத்தினான். தகரம் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். கைக்குள்ளேயே அது மேலே போனது. கீழே வந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. கஞ்சி மொடமொடப்பு மாறாத புது லுங்கியின் வாசனை. ஜாவித் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் வீடு முழுக்க நிறையும் வாசனை. நடுத்தண்ணீரில், காற்றே இல்லாத இரவில், அது எல்லாப் பக்கமும் இருந்து வந்தது.

கதிர் புளியமரத்தைத் தொட்டது. இலை இல்லாத கிளைகள் விரல்களாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கட்டம் போட்ட துணி இருந்தது. துணி மட்டும்தான் இருந்தது. கிளையில் இருந்து யாரோ அவிழ்த்துவிட்டது போல அது மெல்ல விலகி, வெளிச்சத்துக்கு வெளியே நகர்ந்தது.

பின்னால் தண்ணீர் சளப் என்றது.

பிறகு இடப்பக்கம்.

படித்துறையில் ஆட்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் இறங்கும் சத்தம். ஆனால் இங்கே அடியில் நாற்பது அடி ஆழம்.

"ஏனுங்க."

பெண் குரல். மரியாதையான, களைத்த குரல். பஸ்ஸில் பக்கத்து இருக்கையைக் கேட்கிறவள் மாதிரி.

"எடமிருக்குங்களா?"

காளிச்சாமி துடுப்பை மடியில் கிடத்திவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் அவர் சொன்னது காற்றாகத்தான் வந்தது. "சொல்லிப்போடாதீங்க. இருக்குன்னு சொல்லிப்போடாதீங்க தம்பி."

ஷாநவாஸ் வயரைப் பிடுங்கினான்.

இருட்டு.

சளப் சத்தங்கள் நின்றன. பல பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து நிறுத்தியது போல. பிறகு மிக அருகில், பரிசலின் விளிம்பை ஒட்டி, ஒரு வயதான ஆணின் குரல்: "லைட்டைப் போடுங்க சாமி. ரொம்ப நாளா இருட்டாவே இருக்குங்க."

அந்தக் குரலில் கோபமில்லை. அழுகைதான் இருந்தது. ஷாநவாஸின் விரல்கள் வயரைத் தேடின. முதல் முறை தவறியது. இரண்டாம் முறை தீப்பொறி. வெளிச்சம்.

தலைகள்.

வெளிச்சத்தின் ஓரம்வரை தலைகள். ஈரமாக. வரிசையாக. எல்லா முகமும் விளக்கைப் பார்த்து. அது ஆட, அவையும் சேர்ந்து மெல்ல ஆடின. மேலே. கீழே.

முன் வரிசையில் ஒருவன் தலையில் மூட்டை. மூட்டையில் இருந்து தண்ணீர் வடிந்தது. இடது புருவத்தில் பழைய தழும்பு. சின்ன வயதில் ஷாநவாஸ் எறிந்த பம்பரம் பட்டது.

"அண்ணே."

ஜாவித் அவனைப் பார்த்தான். தம்பி பிறந்ததில் இருந்து அவனை 'டேய் ஷானு' என்று மட்டுமே கூப்பிட்டவன். தலையில் தட்டாமல் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசாதவன். தம்பியை அடையாளம் கண்டதாக முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஊர் பேர் தெரியாத பரிசல்காரனிடம் கேட்பது போல, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்.

"ஏனுங்க, எடமிருக்குங்களா?"

காளிச்சாமி இல்லை இல்லை என்று தலையை அசைத்தார். அழுதுகொண்டே அசைத்தார்.

வாசலில் நிற்கும் அம்மா. துலக்கும் சத்தம். வளையல்.

"இருக்கு" என்றான் ஷாநவாஸ். "வாண்ணே. வீட்டுக்குப் போலாம்."

பரிசல் ஒரு பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்தது. சத்தமே இல்லை. அடுத்த கணம் அது நேரானது. எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் ஏறியிருந்தார். பிறகு இன்னொருவர். அவர்கள் யாரும் தனியாகக் கேட்கவில்லை. பதில் எல்லோருக்கும் கேட்டிருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்குங்க."

"கொழந்தையை மடியில வெச்சுக்கறேனுங்க."

முழங்காலோடு முழங்கால் உரசியது. குளிர். ஷாநவாஸ் ஒடுங்கி உட்கார்ந்து இடம் விட்டான். விட்ட இடம் உடனே நிறைந்தது. காளிச்சாமி உட்கார்ந்திருந்த பக்கம் இப்போது தோள்கள்தான் தெரிந்தன.

ஜாவித் எதிரே அமர்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டான். நீண்ட தூரம் நடந்தவனின் பெருமூச்சு ஒன்று. பிறகு சகபயணியைப் பார்த்துச் சிரிக்கும் மரியாதையான சிரிப்போடு தம்பியைப் பார்த்தான்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

மூங்கில் விளிம்பைத் தாண்டி, சுற்றிலும் ஒரே சமயத்தில், தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. யாரும் காலைத் தூக்கிக்கொள்ளவில்லை.